'பாதிக்கப்பட்ட' என்று ஒரு சொல்: குழந்தைகளுக்கான ஜெபமும் புலம்பலும்

விருதுநகர் மாவட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு முதலில் ஒரு தகவல். எங்கள் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் தலைநகரில் கிடையாது, ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் போக்சோ சிறப்பு நீதிமன்றமும் இங்கே உண்டு. ஆக, நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் இந்த ஊர்ப் பெயர் இரண்டு காரணங்களுக்காக வரும். ஒன்று ஆண்டாள் கோயில் திருவிழா. இன்னொன்று, 'சிறுமி' என்று தொடங்கி 'ஆண்டுகள் சிறை' என்று முடியும் நாலு வரிச் செய்தி.

பக்கத்து ஊரான ராஜபாளையத்துக்காரன் என்பதால் இந்த நாலு வரிகளை ரொம்ப நாளாகப் படித்து வருகிறேன். அதில் எல்லாம் இருக்கும். குற்றவாளியின் வயது, தொழில், அபராதத் தொகை, சட்டப்பிரிவு எதுவும் விட்டுப்போகாது. அழுகை மட்டும் இருக்காது. அது நீதிமன்றத்தின் வேலையும் இல்லை, நிருபரின் வேலையும் இல்லை. சரி, அப்போ அது யாருடைய வேலை?

மதங்களின் வேலை என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். அதிலும் கிறிஸ்தவத்தை எடுத்துப் பார்ப்பதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. தன் வேதப் புத்தகத்துக்குள்ளேயே 'புலம்பல்' என்ற பெயரில் ஒரு முழுப் புத்தகம் வைத்திருக்கிற மதம் அது. நான் கிறிஸ்தவன் இல்லை. இறையியல் படித்தவனும் இல்லை. பி.இ. முடித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிற ஆள். ஆனால் வாசிக்கத் தெரியும். ஒரு ஜெபத்தையும் கவிதையை வாசிப்பது போல வாசிக்கலாம், அதன் வாக்கிய அமைப்பைப் பார்க்கலாம், அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் நழுவுகிறது என்று கேட்கலாம். இந்தக் குறிப்பில் நான் செய்ய முயல்வது அவ்வளவுதான்.

1. செய்தவன் இல்லாத வாக்கியம்

கத்தோலிக்கர்கள் மன்றாட்டு என்பார்கள், சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் பரிந்துரை ஜெபம் என்பார்கள். ஒருவர் வாசிக்க, சபை ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லும். குழந்தைகளுக்கு ஏதாவது கொடுமை நடந்து அது செய்தியாகிவிட்டால், அந்த வாரம் அதற்கும் ஒரு மன்றாட்டு சேரும். அதன் வடிவம் நமக்கெல்லாம் தெரிந்ததுதான்: பாதிக்கப்பட்ட குழந்தைகளை ஆண்டவர் ஆற்றித் தேற்ற வேண்டும், அவர்கள் குடும்பத்துக்குப் பலம் தர வேண்டும்.

'பாதிக்கப்பட்ட' என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். செயப்பாட்டு வினை. செயப்பாட்டு வினையின் வசதியே, செய்தவனைச் சொல்லாமல் வாக்கியத்தை முடித்துவிடலாம் என்பதுதான். வெள்ளத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை, காய்ச்சலால் பாதிக்கப்பட்ட குழந்தை, மாமாவால் பாதிக்கப்பட்ட குழந்தை, எல்லாவற்றுக்கும் ஒரே சொல். முதல் இரண்டில் 'ஆல்' வெளிப்படையாக வரும். மூன்றாவதில் மட்டும் அது காணாமல் போகும். கொடுமை ஒரு வானிலைச் சம்பவம் மாதிரி ஆகிவிடும்.

ஜெபத்தை எழுதுபவர் வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார் என்று நான் சொல்லவில்லை. நாளிதழ் மொழி, அரசு அறிக்கை மொழி இரண்டும் இந்தச் சொல்லை நம் வாயில் பழக்கி வைத்திருக்கின்றன. ஆனால் விளைவு ஒன்றுதான். சபையே சேர்ந்து ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் குற்றங்களைப் பெரும்பாலும் செய்கிறவர்கள் முன்பின் தெரியாதவர்கள் இல்லை, குழந்தைக்குப் பழக்கமானவர்கள். அதாவது அந்த மன்றாட்டுக்குப் பதில் சொல்கிற வரிசையிலேயே ஒருவர் உட்கார்ந்திருக்கலாம். செயப்பாட்டு வினை அவரைத் தொந்தரவு செய்யாது.

இதற்கு மாறான உதாரணம் ஒன்று கிறிஸ்தவத்துக்குள்ளேயே இருக்கிறது. 2018 ஆகஸ்ட் 20ல், குருக்கள் செய்த பாலியல் கொடுமைகள் பற்றி போப் பிரான்சிஸ் உலகக் கத்தோலிக்கர்கள் எல்லோருக்கும் ஒரு கடிதம் எழுதினார். சிறியவர்களை நாங்கள் கவனிக்கவில்லை, கைவிட்டோம் என்று அதில் வருகிறது. தன்மைப் பன்மை, செய்வினை. அந்த இரண்டு வினைச்சொற்களுக்காகவே அந்தக் கடிதத்தை மதிக்கலாம். அதே கடிதம் எல்லா விசுவாசிகளையும் ஜெபத்துக்கும் உபவாசத்துக்கும் அழைத்தது. நடைமுறையில் என்ன மாறப்போகிறது என்று சொல்லவில்லையே என்று கொடுமைக்கு ஆளானவர்கள் பலர் அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்வி. 'நாங்கள்' என்ற சொல் நேர்மையானதாக இருக்கலாம், பொறுப்பை எல்லோர் மேலும் சமமாகத் தடவி யார் மேலும் ஒட்டாமல் செய்வதாகவும் இருக்கலாம். அதற்குப் பின் என்ன நடந்தது என்று பார்த்துத்தான் எது என்று முடிவு செய்ய முடியும்.

2. புலம்பு என்றால் தனிமை

தொல்காப்பியத்தின் உரியியலைப் புரட்டினால் ஓர் ஆச்சரியம் கிடைக்கும். 'புலம்பு' என்ற சொல்லுக்கு அங்கே சொல்லப்படும் பொருள் தனிமை. அழுகை, ஓலம் என்ற பொருளெல்லாம் அதற்கு மேல் வந்து ஏறியவை. நம் பழைய மொழியறிவின்படி, புலம்புகிறவள் முதலில் தனியாக இருப்பவள்.

பைபிளின் புலம்பல் புத்தகம் தொடங்குவதும் இதே இடத்தில்தான். ஜனங்கள் நிரம்பி இருந்த எருசலேம் நகரம் இப்போது தன்னந்தனியாக உட்கார்ந்திருக்கிறது, ஒரு விதவையைப் போல. எபிரேயத்தில் அந்தப் புத்தகத்தின் பெயரே அதன் முதல் சொல்தான். 'எப்படி' என்று பொருள். 'இது எப்படி ஆச்சு!' என்ற தொனி. பழைய புரொட்டஸ்டண்டு தமிழ் மொழிபெயர்ப்பு அதை 'ஐயோ' ஆக்கியது. நம்மூர் இழவு வீட்டின் முதல் சொல். மொழிபெயர்த்தவர்களுக்குக் காது இருந்திருக்கிறது.

அந்தப் புத்தகம் ஐந்து அதிகாரங்கள். முதல் நான்கும் எபிரேய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளை வரிசையாக முதலெழுத்தாகக் கொண்டவை. மூன்றாவதில் எழுத்துக்கு மூன்று வசனம், ஆக 66. ஐந்தாவதிலும் 22 வசனம்தான், ஆனால் எழுத்து வரிசை உடைந்துபோகிறது. துக்கத்தை அ முதல் ஃ வரை சொல்லிப் பார்த்து, கடைசியில் அந்த ஒழுங்கும் கையைவிட்டுப் போகிற மாதிரி.

உள்ளே குழந்தைகள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். தெருக்களில் மயங்கி விழுகிற குழந்தைகள், சாப்பாடு எங்கே என்று அம்மாவிடம் கேட்டபடி அவள் மடியிலேயே உயிர்விடுகிற குழந்தைகள், தாகத்தில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்ட கைக்குழந்தை. தாய்மாரே குழந்தைகளைச் சமைத்த கொடுமைகூட மறைக்கப்படவில்லை. இத்தனைக்கும், புத்தகம் முழுக்கக் கடவுள் ஒரு பதிலும் சொல்வதில்லை. பேசுகிறவர்கள் அவரிடமே அவரைப் பற்றிக் குற்றம் சொல்கிறார்கள். கடைசி வசனமும் ஆறுதலில் முடிவதில்லை. நீர் எங்களை ஒரேயடியாகத் தள்ளிவிட்டீரோ என்ற திசையில் போய் நின்றுவிடுகிறது. யூதர்கள் இதைச் சபையில் வாசிக்கும்போது, இப்படி இருட்டில் முடிக்க மனமில்லாமல், கடைசிக்கு முந்தைய வசனத்தை இன்னொரு தரம் சொல்லி முடிப்பார்கள். ஆனாலும் கடைசி வசனத்தை அவர்கள் அழித்துவிடவில்லை. வாசித்த பிறகுதான் பின்னால் போகிறார்கள்.

நம் ஒப்பாரியின் வேலையையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். எங்கள் பக்கம் 'ஒப்பு வச்சு அழறது' என்பார்கள். ஒருத்தி எடுத்துக் கொடுக்க, வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி மற்றவர்கள் சேர்வார்கள். செத்தவரின் பெயர், உறவு, அவர் வாங்கித் தந்த பொருள், அவரைச் சாகவிட்டது யார், எல்லாம் வரும். சாமியும் திட்டு வாங்கும். புலம்பல் தனிமை என்றால், ஒப்பாரி அந்தத் தனிமைக்குப் பக்கத்தில் போய் உட்காருவது. மன்றாட்டு வாசிக்கும் சபைக்கும் ஒப்பாரி வட்டத்துக்கும் வடிவம் ஒன்றுதான்: ஒருவர் சொல்ல, பலர் சேர்கிறார்கள். உள்ளடக்கம்தான் எதிரும் புதிருமாக இருக்கிறது.

3. ஆறுதல் வேண்டாம் என்றவள்

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், டிசம்பர் 28, கத்தோலிக்கத் திருச்சபையில் மாசற்ற குழந்தைகள் விழா. ஏரோது மன்னன் பெத்லகேமிலும் சுற்றுப்புறத்திலும் இரண்டு வயதும் அதற்குக் குறைந்ததுமான ஆண் குழந்தைகளைக் கொல்லச் சொன்னதன் நினைவு. மத்தேயு இதற்குச் செலவிடுவது மூன்றே வசனம். அதில் ஒன்று எரேமியாவிலிருந்து எடுத்தது: ராமாவில் அழுகைச் சத்தம், ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், அவர்கள் இல்லாமல் போனதால் தேறுதல் அடைய மறுக்கிறாள்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எரேமியாவில் அடுத்த வசனமே ஆறுதல்தான். அழுகையை நிறுத்து, உன் பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று கடவுள் சொல்வார். அங்கே பிள்ளைகள் நாடுகடத்தப்பட்டவர்கள், திரும்ப வரமுடியும். மத்தேயு அழுகையை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த ஆறுதலைத் தொடாமல் நிறுத்திவிட்டார். கொல்லப்பட்ட குழந்தைகள் விஷயத்தில் அது பொருந்தாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. எதைச் சேர்க்காமல் விடுவது என்று தெரிந்த எழுத்தாளர்.

இந்த மூன்று வசனத்தைத் தமிழில் ஒரு முழுப் படலமாக விரித்தவர் வீரமாமுனிவர். தேம்பாவணியின் 36 படலங்களில் ஒன்று குழவிகள் வதைப் படலம். எங்கள் பகுதியிலிருந்து அதிக தூரமில்லாத காமநாயக்கன்பட்டியில் பணியாற்றியவர் அவர். காப்பியத்தின் நாயகன் வளன், அதாவது சூசை. அதனால் இந்தப் படலத்துக்கு ஒரு நெருக்கடி கூடவே பிறந்துவிடுகிறது. தேவதூதன் கனவில் வந்து எச்சரித்தது சூசையை மட்டும். நாயகன் வீட்டுக் குழந்தை எகிப்தில் பத்திரமாக இருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் சாகிறார்கள். அந்தத் தகப்பன்மார் கனவில் யாரும் ஏன் வரவில்லை? காப்பியம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பதில் சொல்லவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மூன்று வசனத்தைத் தாண்டி ஓடாமல், கேள்வி நம்மைத் தொந்தரவு செய்யும் அளவுக்கு அந்த இடத்தில் நிறுத்துகிறதே, அதுவே பெரிது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கதை அந்நியம் இல்லை. ஏரோதுக்குப் பதில் கம்சன். கண்ணன் கோகுலத்துக்குத் தப்பிவிட்டான், அவனுக்கு முன் பிறந்த ஆறு பேர் தப்பவில்லை. பெரியாழ்வார் யசோதையாக மாறி, கண்ணனுக்குத் தாலாட்டும் காப்பும் பாடினார். தெய்வத்துக்கே கண்பட்டுவிடுமோ என்று பயந்து பல்லாண்டு பாடியவரின் ஊர் இது. குழந்தைக்கு ஆபத்து வரலாம் என்ற பதற்றத்தை இந்த அளவுக்குப் பக்தியாக்கியவர் வேறு யாரும் உண்டா, தெரியாது. குலசேகராழ்வார் பாடிய தேவகி புலம்பலும் இருக்கிறது. அது கண்ணனின் பிள்ளைமையைத் தான் பார்க்க முடியாமல் போன தாயின் ஏக்கம். அந்த ஆறு பேருக்கென்று தனியாக ஒரு பதிகம் திவ்யப் பிரபந்தத்தில் இல்லை. ஆனால் தேவகி மறக்கவில்லை. எத்தனையோ காலம் கழித்து, எல்லாம் நல்லபடி முடிந்த பிறகு, செத்துப்போன அந்த ஆறு பேரையும் எனக்குக் காட்டு என்று அவள் கண்ணனிடம் கேட்பது பாகவதம் பத்தாம் ஸ்கந்தத்தில் வருகிறது. ராகேலின் சகோதரிதான்.

4. அழுததால் அசைந்த ராஜா

புலம்பி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் இரண்டு கதைகள் உண்டு. பிரசங்கங்களில் அதிகம் வராத கதைகள்.

முதலாவது தாமார். தாவீது ராஜாவின் மகள். வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன் அம்னோன் அவளைக் கெடுத்துவிட்டு வெளியே துரத்துகிறான். அவள் தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு, உடையைக் கிழித்துக்கொண்டு, சத்தமாக அழுதபடி தெருவில் போகிறாள். கூடப்பிறந்த அண்ணன் அப்சலோம் அவளிடம் சொல்வது என்ன தெரியுமா? பேசாமல் இரு, அவன் உன் அண்ணன், இதை மனதில் வைக்காதே. தகப்பன் காதுக்கும் செய்தி போகிறது. அவனுக்குக் கோபம் வருகிறது. அதோடு சரி. போக்சோ வழக்கு விவரங்களை வாசித்திருப்பவர்களுக்கு இந்தக் குடும்பம் நன்றாகத் தெரிந்த குடும்பமாக இருக்கும். இந்தக் கதையில் செயப்பாட்டு வினையே கிடையாது. யார் செய்தான், யார் வாயை மூடச் சொன்னான், யார் சும்மா இருந்தான், எல்லாம் பெயரோடு இருக்கிறது.

இரண்டாவது ரிஸ்பாள். சவுல் ராஜா செய்த பழைய தப்புக்காக அவன் பிள்ளைகளும் பேரன்களுமாக ஏழு பேரைத் தாவீது பலிகொடுக்கிறான். அதில் இரண்டு பேர் ரிஸ்பாளின் மகன்கள். அவள் பாறைமேல் சாக்குத்துணி விரித்து உட்கார்ந்து, அறுப்புக்காலத் தொடக்கத்திலிருந்து மழை வரும்வரை, பகலில் பறவைகளையும் ராத்திரியில் மிருகங்களையும் அந்த உடல்களை அண்டவிடாமல் விரட்டுகிறாள். அவள் ஒரு வார்த்தை பேசியதாகப் பதிவு இல்லை. ஆனால் அது ராஜாவின் காதுக்குப் போகிறது, எலும்புகளை எடுத்து மரியாதையாக அடக்கம் செய்ய உத்தரவு வருகிறது.

தாமாரின் அழுகையை வீட்டுக்குள்ளேயே அமுக்கிவிட்டார்கள், ராஜா அசையவில்லை. ரிஸ்பாள் எல்லோரும் பார்க்க உட்கார்ந்தாள், ராஜா அசைந்தான். புலம்பலுக்கு ஒரு பொது இடம் வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள். அவர்களின் பெற்றோர் வருடா வருடம் அதே நாளில் படங்களையும் மெழுகுவர்த்திகளையும் வைத்து அழுதார்கள். பத்து வருடம் கழித்து, 2014 ஜூலை 30ல் தஞ்சாவூர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பத்துப் பேருக்குத் தண்டனை, பதினோரு பேர் விடுதலை. அவர்கள் வேறு வேறு மதத்துக்காரர்களாக இருந்தாலும், ரிஸ்பாள் வழிக்காரர்கள் என்றே நான் வாசிப்பேன்.

5. நடுக்காட்டுப்பட்டிக்குப் பிறகு

தமிழ்நாடே சேர்ந்து ஒரு குழந்தைக்காக ஜெபித்த சம்பவம் என்றால், சமீப காலத்தில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டிதான். 2019 அக்டோபர் 25 மாலை, இரண்டு வயதுக் குழந்தை ஒன்று வீட்டருகே மூடாமல் கிடந்த ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. கிறிஸ்தவக் குடும்பம். 27ம் தேதி தீபாவளி. பட்டாசைத் தள்ளிவைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்து எல்லா மதத்தவரும் வேண்டிக்கொண்டார்கள். 29ம் தேதி அதிகாலை உடல்தான் கிடைத்தது. நாலு நாள் கழித்து நவம்பர் 2, கல்லறைத் திருநாள்.

அந்த ஜெபம் உண்மையானது. அதைக் கேலி செய்யும் எண்ணம் எனக்கு இல்லை. ஆனால் ஒரு விமர்சனம் உண்டு. அது முழுக்க முழுக்க மீட்புக்கான ஜெபம். மீட்பு பொய்த்துப்போனதும் நம்மிடம் அடுத்து சொல்லச் சொல் இல்லாமல் போனது. ஒரே நாளில் எல்லாம் இரங்கல் போஸ்டராக மாறியது. கைவிடப்பட்ட ஆழ்துளைக் கிணறுகளை மூடுவது பற்றி உச்ச நீதிமன்றம் 2010லேயே தெளிவான வழிமுறைகள் கொடுத்திருந்தது. ஒன்பது வருடம். புலம்பல் என்ற வடிவம் கைவசம் இருந்திருந்தால் அந்த ஒன்பது வருடம் அதற்குள் வந்திருக்கும். இது எப்படி ஆச்சு என்றல்லவா அது தொடங்கும்?

எங்கள் மாவட்டத்திலேயே பார்ப்போம். 1991ல் சிவகாசி அருகே மீனம்பட்டி பட்டாசு ஆலை விபத்தில் இறந்தவர்கள் 39 பேர். அவர்களில் குழந்தைகளும் உண்டு. உச்ச நீதிமன்றம் இதைத் தானாகவே கவனத்தில் எடுத்தது. குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பர் 10ல் வந்த தீர்ப்பு, வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹன்சாரியா, ஒரு குழந்தை 'நான்' என்று பேசுகிற ஆங்கிலக் கவிதை ஒன்றோடு அதைத் தொடங்கியிருப்பார். சட்டப்பிரிவு மட்டும் போதாது என்று ஒரு நீதிபதிக்கே தோன்றியிருக்கிறது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. பழுது சரியாகாவிட்டாலும் டிக்கெட்டை 'குளோஸ்டு' என்று மாற்றிவிட்டால் அந்த வாரக் கணக்கு அழகாக இருக்கும். அவசர ஆறுதல் அப்படிப்பட்ட ஒரு வேலை. ஆறுதல் சொன்னவருக்கு முடிந்தது. குழந்தைக்கு முடியவில்லை.

6. டோனாவூர்

ராஜபாளையத்திலிருந்து தெற்கே போனால் திருநெல்வேலி மாவட்டத்தில் டோனாவூர். கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த குழந்தைகளை, 1901ல் தொடங்கி எமி கார்மைக்கேல் சேர்த்து வளர்த்த இடம். 1951ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். அவருடைய கல்லறையில் வழக்கமான கல்லறைக் கல் இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி, அதில் 'அம்மா' என்ற பெயர்.

1903ல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பே, விஷயங்கள் இருக்கிறபடி என்ற பொருளில் அமைந்தது. இங்கிலாந்தில் மிஷன் ஆதரவாளர்கள் விரும்பியது வெற்றிக் கதைகளை. இவர் அனுப்பிய கையெழுத்துப் பிரதி, மனதைத் தளர்த்துகிறது என்று முதலில் திரும்பி வந்தது. புலம்பலை யாரும் காசு கொடுத்து வாங்குவதில்லை, அன்றும்.

விமர்சனமாகச் சொல்லவேண்டியதும் இருக்கிறது. அவர் எழுதியது ஆங்கில வாசகர்களுக்கு. குழந்தைகளுக்குக் கொடுமை செய்தவர்கள் அந்தப் பக்கங்களில் பல நேரம் 'இந்து மதம்' என்ற ஒற்றைப் பாத்திரமாகிவிடுகிறார்கள். செய்தவனைச் சொல்லாமல் விடுவது ஒரு பிழை என்றால், செய்தவனை ஒரு சமூகம் முழுக்கப் பரப்பிவிடுவது இன்னொரு பிழை. இந்தப் பிரச்சினையை உள்ளேயிருந்து சட்டமாக்கப் போராடியவர் முத்துலட்சுமி ரெட்டி. சென்னை மாகாணச் சட்டம் 1947ல் வந்தது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எமி கார்மைக்கேலின் ஜெபம் குழந்தைக்குச் சோறும் பாயும் கொடுத்த ஜெபம்.

7. உயிரோடு இருக்கிற குழந்தைக்கு ஒப்பாரியா?

இதுவரை சொன்னதற்கு நானே ஓர் எதிர்வாதம் வைக்க வேண்டும். ராகேலின் குழந்தைகளும் ரிஸ்பாளின் மகன்களும் இறந்தவர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு வந்து போகிற குழந்தை உயிரோடு இருக்கிறது. நாளைக்குப் பள்ளிக்கூடம் போகவேண்டும். அவளுக்காக அழுவதும் செத்தவருக்காக அழுவதும் ஒன்றாகுமா?

ஆகாது. நம் ஊரில் இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு ஒப்பாரி ஏற்கெனவே நடக்கிறது. 'அவ வாழ்க்கையே போச்சே', 'இனி யார் கட்டுவா' என்று அக்கம்பக்கம் எடுத்துக் கொடுக்கும். அதைக் கேட்கிற குழந்தைக்கு அது இரண்டாவது கொடுமை. ஒப்பாரி பெயர் சொல்லும். இங்கே பெயர் சொல்லக்கூடாது. போக்சோ சட்டத்தின் 23ம் பிரிவு குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதைத் தடுக்கிறது. சர்ச்சில் மைக் பிடித்து, இந்தத் தெரு இந்தக் குடும்பம் என்று அடையாளம் தெரிகிற மாதிரி ஜெபிப்பதும் அதே தீங்கைத்தான் செய்யும்.

இந்தச் சிக்கலுக்கும் சுவிசேஷத்தில் ஒரு காட்சி உண்டு. யவீருவின் மகள், பன்னிரண்டு வயது. இயேசு அந்த வீட்டுக்குப் போகும்போது ஒப்பாரி உச்சத்தில் இருக்கிறது. குழலூதுகிறவர்கள்கூட வந்துவிட்டார்கள். பிள்ளை சாகவில்லை என்கிறார். அவர்கள் சிரிக்கிறார்கள். அவர் முதலில் செய்கிற காரியம், அழுகிற கூட்டம் முழுவதையும் வெளியே அனுப்புவது. அப்பா, அம்மா, கூட வந்த மூன்று பேர் மட்டும் உள்ளே. கையைப் பிடித்து எழுப்புகிறார். பிறகு இதை ஊருக்குச் சொல்லவேண்டாம் என்கிறார். கடைசியாக, அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்கிறார்.

ஊருக்குச் சொல்லவேண்டாம் என்பதை இந்தக் காலத்தில் தப்பாகப் படிக்க வாய்ப்பு உண்டு. அப்சலோம் சொன்ன 'பேசாமல் இரு' வேறு, இது வேறு. அங்கே மறைக்கப்பட்டது செய்தவன். இங்கே மறைக்கப்படுவது குழந்தை. இந்த வித்தியாசம்தான் நான் இவ்வளவு நேரம் தேடியது என்று நினைக்கிறேன். 2012ல் வந்த சட்டமும் இதே வரிசையில்தான் இருக்கிறது. 23ம் பிரிவு குழந்தையை மறைக்கிறது. 19ம் பிரிவு, குற்றம் நடந்ததை அறிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது. சொல்லாமல் விட்டால் 21ம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தன் கீழ் இருப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருடம் வரை. சபைக்கும் ஆலயத்துக்கும் விடுதிக்கும் பள்ளிக்கும் இதில் விலக்கு இல்லை.

அப்படியானால் இந்தக் குழந்தைகளுக்கான ஜெபம் எப்படி இருக்கலாம்? வெளியாளாக எனக்குத் தோன்றுவது இது. குழந்தையை நினைத்து அழாமல், நடந்த செயலை நினைத்து அழவேண்டும். செய்வினையில் பேசவேண்டும்: இந்த ஊரில், நம்மைப் போன்ற ஒருவர், இதைச் செய்தார், இத்தனை பேர் தெரிந்தும் சும்மா இருந்தோம் என்று. கடவுளைக் கேள்வி கேட்க இடம் இருக்கவேண்டும், புலம்பல் புத்தகமே அதற்கு அனுமதி. ஆறுதலை மத்தேயு மாதிரி தள்ளிவைக்கத் தெரியவேண்டும். முடிந்ததும் யாராவது 1098க்குப் போன் செய்ய எழுந்து போனால், அது ஜெபத்தின் தொடர்ச்சிதான்.

குழந்தையின் பங்குக்கு, கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினால் போதும். பிறகு, பசிக்குதா என்று கேட்கலாம்.